உக்கிரபாண்டி காவல் காத்த ஏழு முட்டைகள்

முப்பத்துநான்கு வருடத் தாம்பத்தியத்தில் ஒரு தடவையாவது தன் பேச்சு ஜெயிக்க வேண்டும் என்று உக்கிரபாண்டி முடிவெடுத்தது 1998-ஆம் வருடம், கார்த்திகை இருபத்தைந்தாம் தேதி, காலை ஏழே காலுக்கு. மணியைக்கூடக் குறித்து வைத்தார். வாலிநோக்கத்து உப்பளத்தில் முப்பத்தோரு வருடம் உப்பைத் தரம் பிரித்தவர். குறித்து வைக்காத எதையும் நம்ப மாட்டார்.

முந்தின நாள் வந்த கடிதம்தான் காரணம். அக்காள்மடத்திலிருந்து மனைவி சண்முகவள்ளியின் தங்கை இராமலட்சுமி எழுதியிருந்தாள். மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருக்கிறார்களாம். அக்கா வந்து கூட இருக்க வேண்டுமாம். சண்முகவள்ளி வாசித்துச் சொன்னாள். கடிதம் அவள் இடுப்பிலேயே இருந்தது.

“இருபது நாள் இருந்துட்டு வாரேன்.”

“போன தடவை மூணு நாள்னு சொல்லிட்டுப் போன. பதினோரு நாள். முப்பத்துமூணு வேளை. அதுல இருபத்தாறு வேளை கஞ்சி.”

“மிச்சம் ஏழு வேளை?”

“பக்கத்துல முஹைதீன் வீட்டுல குடுத்தாக. வாங்கித் திங்கவே கூச்சமா இருந்துச்சு.”

“கூச்சப்பட்டுக்கிட்டே மூணு தடவ கேட்டு வாங்கித் தின்னீகளாம். அவுக வீட்டம்மா சொன்னாக.”

உக்கிரபாண்டி தன் நோட்டைத் திறந்தார். பேச்சில் தோற்கும்போதெல்லாம் நோட்டைத் திறப்பது அவர் வழக்கம். ஒரு மாதம் முன்பு இராமநாதபுரத்திலிருந்து வந்த ஹமீது என்ற கல்லூரி வாத்தியார், “உங்க கொல்லைக்கு என்னென்ன வண்ணத்துப்பூச்சி வருதுன்னு குறிச்சு வைங்கய்யா” என்று கேட்டுக்கொண்டு போயிருந்தார். அன்றிலிருந்து கொல்லையில் பறந்த எதுவும் கணக்குக்குத் தப்பவில்லை.

அவர் சத்தமாக வாசித்தார். “வால் வைத்த பெரிய கறுப்புப் பூச்சி, இரண்டு இனம். ஒன்று, பின் இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை. நூற்றுப்பன்னிரண்டு. இரண்டு, பின் இறக்கையில் சிவப்புப் புள்ளி. எழுபத்தாறு.”

அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த சண்முகவள்ளி நிமிராமல் சொன்னாள். “தப்பு.”

“கூட்டலா?”

“கூட்டல் சரி. குடும்பம் தப்பு. வெள்ளைப் புள்ளி புருசன். சிவப்புப் புள்ளி பொண்டாட்டி. நம்ம கறிவேப்பிலையில முட்டை போடுறது அவதான்.”

“அப்ப சிவப்பெல்லாம் பொம்பளையா?”

“எல்லாம் இல்ல. உடம்பும் சேந்து சிவப்பா இருக்கிறது வேற இனம். அது வேலியோரம் ஆடுதீண்டாப்பாளைக் கொடியிலதான் முட்டை போடும். கறிவேப்பிலைப் பக்கம் எட்டிப் பாக்காது. இவ உடம்பு கறுப்பு. அவ சேலையப் பாத்து அதே மாதிரி எடுத்துக் கட்டிக்கிட்டா.”

“எதுக்காம்?”

“அவ கசப்பு. கரிச்சான் குருவி ஒருக்கா கொத்திட்டுத் துப்புனத நான் பாத்தேன். அந்தச் சேலையில இருந்தா இவளையும் விட்டுரும்ல.”

உக்கிரபாண்டி சிரித்தார். நிறத்தைப் பார்த்து இனம் பிரிப்பதில் அவருக்கே பாடமா?

“வெள்ளையா இருந்தா ஒண்ணாந்தரம், பழுப்பா இருந்தா ரெண்டாந்தரம்னு பிரிச்சீகளே, ஒரே பாத்தியில அள்ளுன உப்புதான ரெண்டும்?” என்றாள் சண்முகவள்ளி.

“உப்பு வேற, உசுரு வேற.”

“பந்தயமா? சிவப்புக்காரி போடுற முட்டையை எடுத்து வளப்போம். பொறக்கிறது எல்லாம் சிவப்புன்னா நான் அக்காள்மடம் போகல. வெள்ளைப் புள்ளி ஒண்ணு வந்தாலும் போவேன்.”

இந்த இடத்தில்தான் உக்கிரபாண்டிக்கு மூளை வேலை செய்தது. முட்டை பூச்சியாக ஒரு மாதம் ஆகும் என்று ஹமீது சொல்லியிருந்தார். ஒரு மாதத்தில் பிரசவம் முடிந்து, பிள்ளைக்குப் பேரும் வைத்திருப்பார்கள். பந்தயத்தில் தோற்றாலும் போவதற்குக் காரணம் இருக்காது. இப்படி இரண்டு பக்கமும் தானே ஜெயிக்கிற பந்தயம் அவருக்கு வாழ்க்கையில் வாய்த்ததே இல்லை. தாராளம் பொங்கியது.

“நீ ஜெயிச்சா இருபது என்ன, முப்பது நாள் இருந்துட்டு வா.”

“சரி,” என்றாள் சண்முகவள்ளி. அரைத்த சட்னியை வழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று பதினொரு மணிக்குச் சிவப்புக்காரி வந்தாள். கொழுந்துக்கு ஒன்றாக ஏழு முட்டைகள், கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிது. உக்கிரபாண்டியே பறித்தார். பழப்பெட்டியில் வைத்தார். கொசுவலை கட்டினார். கொசுவலைக்கு ஒரு பூட்டும் போட்டார்.

“வலைக்கு எதுக்குப் பூட்டு?”

“நீ மாத்தி வச்சிட்டா?”

“நல்லது. சாவியை அரைஞாண்ல கட்டிக்கங்க. பின்னால நான் மாத்திட்டேன்னு சொல்லக் கூடாது பாருங்க.”

மூன்றாம் நாள் புழுக்கள் வந்தன. பார்க்கக் குருவி எச்சம் போலவே இருந்ததால், ஏழையும் வழித்தெறியத் துணியோடு போனார். ஓர் எச்சம் நடந்தது. துணியைக் கீழே போட்டார். அதன்பின் அவற்றுக்கு நம்பர் கொடுத்தார். இரண்டு வாரத்தில் எல்லாம் பச்சையாகித் தடித்தன. தொட்டால் தலையிலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு நீட்டி ஒரு நெடி விட்டன. நான்காம் நம்பருக்குக் கோபம் அதிகம். “என்னையவே முட்ட வருது” என்று முஹைதீனைக் கூப்பிட்டுக் காட்டினார். ஊரில் யாரிடமும் தானாகப் போய்ப் பேசாத மனுசன்.

வீட்டில் ரசம் மொட்டையாக வந்தது.

“கறிவேப்பிலை எங்க?” என்று அவர் கேட்கவில்லை. சண்முகவள்ளிதான் கேட்டாள்.

“இன்னைக்கு நாப்பத்தெட்டு இலை போட்டாச்சு. இதுக்கு மேல பறிச்சா மரம் தாங்காது. புழு பசிச்சாச் சொல்லாது, நாம சொல்லிக்கிடலாம்.”

“உங்களுக்குப் பசிச்சாச் சொல்லத் தெரியும்ல. அது போதும்.”

பிறகு ஏழும் கூடு கட்டித் தொங்கின. மார்கழி இருபத்தேழு காலையில் முதல் கூடு பிளந்தது. ஈர இறக்கை மெல்ல விரிந்தது. சிவப்புப் புள்ளி. உக்கிரபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முஹைதீன் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இரண்டாவதும் சிவப்பு. அவர் மறுபடி போனார். திரும்பி வந்தபோது நான்காம் நம்பர் வெளியே வந்து இறக்கையைக் காய வைத்துக்கொண்டிருந்தது.

வெள்ளைப் புள்ளி வரிசை. பளிச்சென்று.

உக்கிரபாண்டி பூட்டைப் பார்த்தார். சாவியைத் தொட்டுப் பார்த்தார். கொசுவலையை நான்கு பக்கமும் தடவினார். இரண்டு நாளில் கணக்கு முடிந்தது. சிவப்பு மூன்று, வெள்ளை நான்கு. ஏழும் சிவப்பு என்று எழுதிவிடலாமா என்று ஒரு நிமிடம் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தார். கை எழுத மறுத்தது.

சண்முகவள்ளி வலையை எட்டிப் பார்த்தாள். “நாலு ஆம்பளையும் ஒரே அச்சு. பொம்பளைகதான் இஷ்டத்துக்குச் சேலை மாத்துதுக. நம்ம வீட்டு லட்சணம்தான்.”

வலையைத் திறந்துவிட்டதும் ஏழும் மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துப் போயின. உக்கிரபாண்டி, தோற்றதை மறந்து, முருங்கை உயரம் போகும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கணக்கோடு சண்முகவள்ளி சொன்னதையும் எழுதி ஹமீதுக்கு அனுப்பினார். பொங்கல் முடிந்து ஐந்தாம் நாள் பதில் வந்தது. அம்மா சொன்னது முழுக்கச் சரி, இந்தப் பூச்சியை நாங்கள் கறிவேப்பிலை அழகி என்கிறோம், ஒரே தாயின் முட்டைகளை இவ்வளவு கவனமாக வளர்த்துக் குறித்தவர் நீங்கள்தான், தயவுசெய்து தொடருங்கள். உக்கிரபாண்டி அதை நான்கு தடவை வாசித்தார். மறுநாள் மத்தியானம் நான்காவது தடவையும் வாசித்து நிமிர்ந்தபோது சண்முகவள்ளி பெட்டியில் சேலை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இப்ப எதுக்குப் போற? பிள்ளை பொறந்து பல் முளைக்கப் போகுது.”

“தை இருபதுக்குத்தான டாக்டரம்மா நாள் குறிச்சிருக்காக.”

“நீ சொல்லவே இல்ல.”

“நீங்க கேக்கவே இல்ல. கஞ்சி எத்தனை வேளைன்னுதான் கேட்டீக.”

கணக்கில் பிசகாத மனுசன் தேதியைக் கேட்காமல் விட்டிருந்தார். முப்பது நாள். தொண்ணூறு வேளை. அவர் வேகமாக ஒரு மஞ்சள் பையை எடுத்து, அதில் இரண்டு வேட்டியைத் திணித்தார்.

“நானும் வாரேன். அக்காள்மடத்துக்கு.”

அங்கே போனால் மூன்று வேளையும் இராமலட்சுமி கைச் சோறு. இதை எந்தப் பந்தயமும் தடுக்காது.

“வாங்களேன்,” என்றாள் சண்முகவள்ளி. “ரெண்டு பேருமாப் போவோம்.” முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அடுக்களை மூலையிலிருந்து பழப்பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கொசுவலைக்குள் புதுக் கறிவேப்பிலைக் கொத்து. “வாத்தியாரு தொடரச் சொன்னாரேன்னு காலையில எடுத்து வச்சேன். ஒம்போது முட்டை. ஆனா ரெண்டு பேரும் போயிட்டா இதுகளுக்கு இங்கன யாரு இலை போடுவா?”

உக்கிரபாண்டி குனிந்து எண்ணினார். ஒன்பதுதான். பையிலிருந்து வேட்டியை வெளியே எடுத்தார்.

“போறதுக்கு முன்னால,” என்றார், “கஞ்சிக்கு எத்தனை உழக்கு அரிசின்னு மட்டும் சொல்லிட்டுப் போ.”