சித்தி இருந்த இடமெல்லாம் அத்தை

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய சித்திக்கு,

உங்கள் அக்காள் மகன் வணங்கி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மருமகளும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை. முந்நூறு புத்தகங்களை மூன்று மாடி ஏற்றினால் எந்த முழங்கால்தான் சும்மா இருக்கும்? முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவன் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் குடியிருக்கிறான் என்று நீங்கள் அடிக்கடி சிரிப்பீர்கள். இந்த முறை சிரிக்காமல் கடைசிவரை படியுங்கள்.

ஐந்து பதிப்பகங்கள் என் நாவலைப் "பார்த்துச் சொல்கிறோம்" என்று வாங்கி வைத்துக்கொண்டு, பார்க்கவும் இல்லாமல் சொல்லவும் இல்லாமல் போனதால், நானே எழுதி நானே பதிப்பித்து நானே விற்பது என்று களத்தில் இறங்கினேன், பிரதியை முதலில் உங்களிடம்தான் கொடுத்தேன், நீங்களும் ஒரே மூச்சில் படித்துவிட்டு, "ஏண்டா, பால்ல தண்ணி ஊத்தி, ரேடியோவைப் பூட்டி வைக்கிற கொடுமைக்காரி உனக்குச் சித்தியாத்தான் இருக்கணுமா? படிக்கிறவங்க என்னைத்தான நினைப்பாங்க? மாத்து. இல்லன்னா விழாவுக்கு நான் வரமாட்டேன்" என்றீர்கள். நீங்கள் வராத வெளியீட்டு விழா எனக்கு எதற்கு? அன்றே, கணினியில் பக்கம் அமைத்துக்கொடுத்த டி.டி.பி.காரரிடம் ஓடினேன். அவர், "இதுக்கா சார் இப்படி மூச்சு வாங்க வந்தீங்க? சித்தி வர்ற இடமெல்லாம் அத்தைன்னு ஒரே தட்டுல மாத்திடலாம்" என்றார். அப்பாவின் தங்கையைப் பழிவாங்கும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. அத்தை கல்யாணப் பத்திரிகையைக்கூட முழுதாகப் படிக்க மாட்டார் என்ற தைரியம்தான்.

ஒரு தட்டு தட்டினார். மாறிவிட்டது. நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலு பக்கம் புரட்டிப் பார்த்து, பிரமாதம் என்று சொல்லி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். புத்தகம் வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் வீட்டில் ஒரு "விஅத்தைரமான அமைதி" நிலவியது. முப்பதாம் பக்கத்தில் கதாநாயகன் "பிரஅத்தை பெற்ற" மருத்துவரைப் பார்க்கப் போனான். அறுபத்தேழாம் பக்கத்தில் அவனைக் காவலர்கள் "அத்தைரவதை" செய்தார்கள். விசித்திரத்துக்குள்ளும் பிரசித்திக்குள்ளும் சித்திரவதைக்குள்ளும் நீங்கள் ஒளிந்திருப்பீர்கள் என்று நான் கண்டேனா சித்தி? உங்கள் மருமகள் அறுபத்தேழாம் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "உங்க அத்தையைப் பத்தி இதுவரைக்கும் யாரும் இவ்வளவு சரியா எழுதினதில்ல" என்றாள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். முதல் பக்கத்தில், "மூன்று முறை தோற்ற என்னை நான்காம் முறையும் தேர்வுக்கூடம் வரை கைபிடித்துக் கூட்டிப்போன சித்திக்கு" என்று உங்களுக்கே தெரியாமல் ஓர் அர்ப்பணிப்பு எழுதியிருந்தேன். விழாவில் நீங்கள் திறந்து பார்த்துத் திகைக்க வேண்டும் என்று உங்களிடம் கொடுத்த பிரதியில் அந்தப் பக்கத்தை வைக்கவில்லை. அதுவும் அத்தைக்குப் போய்விட்டது. அதைக் கவனிக்காமல் நானே படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டேன். நாவலைப் படித்த அன்றே நீங்கள் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறியிருந்தது நல்லதாயிற்று. அத்தை போன் செய்து அழுதார். "நான் எப்படா உன்னைத் தேர்வுக்குக் கூட்டிட்டுப் போனேன்? எனக்கே ஞாபகமில்ல. நீ ஞாபகம் வச்சிருக்கியே!" என்றார். உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நான் பின்வாங்கப் போவதில்லை. முந்நூறு பிரதியிலும் முதல் பக்கத்தில் "சித்திக்கு" என்று துண்டுச்சீட்டு ஒட்டுகிறேன். மற்ற பிழைகளைப் பேனாவால் திருத்துகிறேன். நூற்றுப்பத்து முடிந்துவிட்டது. சாப்பாட்டு மேசை முழுக்கப் பசை. நேற்று என் முழங்கை தினசரியோடு ஒட்டிக்கொண்டது. இது என் புத்தகம், நான் பதிப்பித்தது, பிழை இருந்தால் என் கையால்தான் போகும். அத்தையின் பிரதியில் மட்டும் ஒட்டமாட்டேன். அதற்கு உங்கள் அனுமதி வேண்டும். என்னைக் கூட்டிப்போனது யார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், அது போதாதா?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு விழா. முன்வரிசையில் உங்கள் நாற்காலி. சித்தப்பாவுக்கு என் வணக்கங்கள், பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்கள் கோபத்துக்கு என் விசேஷ நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் நான்காம் முறை தேறிய மகன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது டி.டி.பி.காரர் போன் செய்தார். துண்டுச்சீட்டு அடிப்பதற்காக "அத்தையை எடுத்துட்டுச் சித்தியைப் போடுங்க" என்று நான் சொன்னதை அவர் முழு நாவலுக்கும் செய்து, மின்னூலாகவும் ஏற்றிவிட்டாராம். அதில் ஒரு பிழைகூட இல்லை. பாலில் தண்ணீர் ஊற்றுவதும் சித்திதான். இதற்குள் நாற்பது பேர் படித்துவிட்டார்கள். சித்தி, முதல் பக்கத்தில் இருப்பவர் மட்டும்தான் நீங்கள். உள்ளே இருப்பவள் யாரோ. வந்துவிடுங்கள்.