கால் விரல் இடுக்கில் ஒரு பொய்

எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுகிற என்னைப் போன்றவர்களிடம் ஒரு கோளாறு உண்டு. பட்டியலில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நம்பிவிடுவோம்.

தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் சோதிக்கும் பொறியாளர் நான். முதன்முதலாக ஒரு கிரேனைத் தனியே சோதிக்கும் வாய்ப்பு வந்த வாரம் பார்த்து, வெளியே சொல்ல முடியாத இடத்தில் அரிப்பு வந்தது. காரணங்களை முறையாக எழுதினேன்: வெயில், இறுக்கமான ஜீன்ஸ், புது சோப்பு. பல்வலிக்கு விழுங்கிய ஆன்டிபயாடிக்கை எழுதவில்லை. (மருந்தைப் போய் யாராவது சந்தேகப்படுவார்களா?) ஜீன்ஸை விட்டேன், சோப்பை மாற்றினேன். தூத்துக்குடி வெயிலை ஒன்றும் செய்ய முடியவில்லை. அரிப்பும் போகவில்லை.

பூஞ்சைதான் என்று நானே தீர்ப்பு எழுதி, மருந்துக் கடைக்குப் போனேன்.

“அண்ணாச்சி, பூஞ்சைக்கு ஒரு களிம்பு.”

“எங்கன இருக்கு?” அண்ணாச்சிக்குக் காது மந்தம். குரல் கடல் வரை கேட்கும்.

பக்கத்தில் இருமல் மருந்துக்கு நின்றவர் எங்கள் மேனேஜர்.

“கால்... கால் விரல் இடுக்குல.”

“காட்டு, பாப்போம்.”

“காட்டுத மாதிரி இல்ல அண்ணாச்சி. ரொம்ப மோசம்.” (இந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம்.)

மேனேஜர் திரும்பினார். “அவ்வளவு மோசமாம்மா? அப்ப நீ கிரேன்ல ஏற வேண்டாம். வேற ஆளப் போடுதேன்.”

“இல்ல சார், நல்லாத்தான் நடக்கேன்!”

“டாக்டர் எழுதிக் குடுத்தா ஏறு.”

அன்றே ஒரு பெண் மருத்துவரிடம் ஓடினேன். பரிசோதித்துவிட்டு, “சமீபத்துல என்ன மாத்திரை போட்ட?” என்றார். பல் மருத்துவர் கொடுத்தது தீர்ந்த பிறகும் நானே வாங்கி விழுங்கியதைச் சொன்னேன்.

“ஈஸ்ட்ங்கிற பூஞ்சை நம்ம உடம்புல எப்பவும் கொஞ்சம் இருக்கும். நல்ல பாக்டீரியா அத அடக்கி வச்சிருக்கும். நீ காவலுக்கு நின்னவனையும் சேத்துக் கொன்னுட்ட. பெறவு அது ஆட்டம் போடாம என்ன செய்யும்? ஸ்டீராய்டு மாத்திரை, சர்க்கரை நோய், கர்ப்பம், இதுலயும் வரும். எல்லா அரிப்பும் ஈஸ்ட்டால வாரது கெடையாது. நீயா களிம்பு வாங்கித் தேய்க்காத.”

மருந்து எழுதித் தந்தார். நான் எழுந்திருக்கவில்லை.

“இன்னும் என்ன?”

“என் கால் நல்லா இருக்குன்னு ஒரு சர்டிபிகேட் வேணும் டாக்டர்.”

“கால்ல என்ன?”

“ஒண்ணுமில்ல.”

முழுக் கதையையும் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தவர், சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டார். “செருப்பக் கழத்து. பாக்காம எழுத மாட்டேன்.” ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டார்.

கிரேனில் ஏறிவிட்டேன். ஆனால் இதைத் தங்கையிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்துப் பெண்களிடையே அந்த அரிப்புக்குப் பெயர் ‘கால் சரியில்லை’.

போன வாரம் சித்தி போனில் முனகினாள். “ஏளா, எனக்குக் கால் சரியில்ல.”

நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். “என்ன மாத்திரை போட்டீங்க சித்தி?”

“மாத்திரையா? மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன்!”