அழகு கூடவில்லை என்பதற்கான சான்று

மனிதக் கழுத்து தலையைத் தாங்குவதற்காக ஏற்பட்டது. திண்டுக்கல்லில் கணக்கு டீச்சராக இருக்கும் சகாயசெல்வியின் கழுத்து மட்டும் இரண்டு வருஷமாகத் தன் இஷ்டத்துக்கு இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அதனால் வகுப்பில் இடது வரிசைப் பிள்ளைகள் பயந்து பயந்து படித்தார்கள். வலது வரிசையில் தாயம் உருண்டது. தாடையில் ஒரு விரலை வைத்துக்கொண்டால் கழுத்து செத்த நேரம் நேராக நிற்கும். ஆகவே ஒரு கை தாடையில், ஒரு கை கரும்பலகையில். வீடு திரும்புவதற்குள் பிடரி முறுக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இப்படியே போனால் வகுப்பை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்குமென்று தலைமையாசிரியை ரொம்பப் பிரியமாகச் சொல்லியிருந்தார்.

மதுரையில் நரம்பு டாக்டர் ஹுஸ்னா நோய்க்கு டிஸ்டோனியா என்று பெயர் சொன்னார். மூளை தசைக்குத் தப்பான உத்தரவு போடுகிறதாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுத்துத் தசையில் அதைத் தளர்த்தும் ஏ வகை ஊசி போட்டார்கள். முதல் சில ஊசி கேட்டது. பிறகு உடம்பு அந்த மருந்தை எதிர்க்கப் பழகிக்கொண்டது.

"ஏ வகை ஊசி இனி உங்களுக்குத் தண்ணி மாதிரிதான் டீச்சர்" என்றார் டாக்டர். "மாத்து ஊசி ஒண்ணு இருக்கு, பி வகை. அது கேக்கும். விலை கூட. காப்பீட்டுல கேட்டுப் பாருங்க."

டீச்சரும் கணவர் பாஸ்கலும் அரசுக் காப்பீட்டின் சிகிச்சை அனுமதிப் பிரிவுக்குப் போனார்கள். அங்கே கண்காணிப்பாளர் அழகர் இருந்தார்.

"இது நெத்திச் சுருக்கத்துக்குப் போடுற ஊசி வகையறால்ல? அரசு அழகுக்கெல்லாம் செலவு பண்ணாதும்மா."

"சார், எனக்குக் கழுத்துல சார்."

"எங்க போட்டாலும் அழகு அழகுதான்."

இதைச் சொல்லும்போது அவர் நெற்றி இம்மியும் அசையவில்லை. மகள் கல்யாணத்துக்காக, புதிதாகத் திறந்த அழகு நிலையத்தில் அவரே அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அன்றிலிருந்து கோபத்துக்கும் ஆச்சரியத்துக்கும் அவரிடம் ஒரே முகந்தான்.

"வேணும்னா ஒண்ணு செய்யலாம்" என்றார். "இந்தச் சிகிச்சையால மனுதாரருக்கு அழகு கூடவில்லைன்னு ஒரு சான்று வேணும். கணவர் எழுதிக் குடுத்தாப் போதும்."

பாஸ்கலுக்கு வியர்த்தது. "எம் பொஞ்சாதிக்கு அழகு கூடலைன்னு நான் எழுதணுமா சார்?"

"ஆமா."

"எழுதிட்டு நான் எந்த வீட்டுக்குச் சார் போறது?"

"எழுதுங்க" என்றார் டீச்சர், பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு. "எனக்குக் கழுத்து வேணும்."

பாஸ்கல் எழுதினார். கல்யாணப் பதிவேட்டில்கூட அவர் அவ்வளவு யோசித்துக் கையெழுத்துப் போட்டதில்லை.

சான்றைச் சரிபார்க்க வல்லுநர் குழு கூடியது. ஊசி கேட்ட காலத்துப் படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேற்படி குழு நெடுநேரம் ஆராய்ந்தது. முடிவு பின்வருமாறு வந்தது: "மனுதாரர் குணமாயிருந்த காலத்தில் முகப்பொலிவுடன் காணப்படுகிறார். ஆகவே குணமாக்கும் ஊசி அழகூட்டும் ஊசியே என்று தெளிவாகிறது. மனு நிராகரிக்கப்படுகிறது."

டீச்சர் நேரில் போய்க் கேட்டார். "அப்ப எந்த ஊசிதான் சார் தருவீங்க?"

"ஏ வகை தரலாம்மா."

"அது எனக்குக் கேக்காதே!"

"அதனாலதான் தரலாம். கேக்காத ஊசியில அழகு கூட வழியே இல்ல. விதிப்படி சுத்தமா இருக்கு."

"பி வகை?"

"மொதல்ல அரசு செலவுல ஏ வகை போட்டுக்கணும். அது கேக்கலைன்னா மேல்முறையீடு. ஆனா கேக்கலைன்னு நாங்க ஒத்துக்கணும்."

"ஒத்துக்குவீங்களா?"

"நாங்க அனுமதிச்ச ஊசி எப்படிம்மா கேக்காமப் போகும்?"

டீச்சருக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. ஆட்டோவில் ஏறியதும் அழுகை வந்தது. பாஸ்கல் தன் விரலை அவர் தாடையில் வைத்து, வீடு வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு வந்தார்.

வேறு வழியில்லாமல் டீச்சர் ஏ வகையைப் போட்டுக்கொண்டார். டாக்டர் சொன்னபடியே ஒன்றும் கேட்கவில்லை. மேல்முறையீட்டு மனுவோடு போனபோது அலுவலகத்தில் மாலையும் கேமராவும் தயாராக இருந்தன. இந்த ஊசிக்கு மாவட்டத்தில் அனுமதி பெற்ற முதல் பயனாளி அவர்தானாம். அதிகாரிகள் வரிசையாக நிற்க, டீச்சரை நடுவில் நிறுத்தினார்கள்.

"டீச்சர், செத்த நேராப் பாருங்க" என்றார் படம் எடுப்பவர்.

"பாக்க முடிஞ்சா நான் ஏன் இங்க வாரேன்?"

டீச்சர் தாடையில் விரலை வைத்தார். அழகர் பதறினார், முகத்தில் தெரியாவிட்டாலும். "கைய எடுங்கம்மா, பயனாளி கவலையா இருக்கிற மாதிரி விழும்." பிறகு செத்த யோசித்து உத்தரவிட்டார். "எல்லாரும் டீச்சர் பாக்குற பக்கமே பாருங்க."

அத்தனை அதிகாரிகளும் கழுத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். படம் விழுந்தது. பத்திரிகையிலும் வந்தது. ஆசிரியர் அறையில் கைகொடுத்தார்கள். "நல்லாயிருச்சே டீச்சர்!" என்றார்கள், அவர் அப்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தும்.

மேல்முறையீட்டுக்கும் பதில் வந்தது. "வெளியான படத்தை ஆய்வு செய்ததில், மனுதாரரின் கழுத்து அரசு அலுவலர்களின் கழுத்தோடு எவ்வித வேறுபாடுமின்றி ஒத்திருக்கிறது. எனவே மாற்று ஊசிக்குத் தேவை எழவில்லை."

டீச்சர் பத்திரிகையை மடியில் விரித்து வெகுநேரம் பார்த்தார். அம்புட்டுப் பேரில் நோயாளி யாரென்று அவருக்கே அடையாளம் தெரியவில்லை.