தலைவரின் லாரியும் நான்கு அதிர்ச்சி தாங்கிகளும்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. கைதட்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. அந்தச் சக்கரம் குழியில் இறங்கினால் மேலே உட்கார்ந்திருப்பவர் கதி என்ன என்று அது யோசிக்கவே இல்லை. அதை யோசிக்கும் மாபெரும் பொறுப்பு கடைசியில், ஆயர் ஈத்தாம் என்ற மலையடிவார ஊரில் ஓர் அடுக்குமாடியின் பின்புறம் கூடும் எங்கள் கழகத்தின் தலையில் வந்து விழுந்தது.

கழகத்தின் முழுப் பெயர் ‘ஆயர் ஈத்தாம் தொலைக் கட்டுப்பாட்டுக் கரடுமுரடுப் பாதைக் கனரக வாகன ஆர்வலர் கழகம்’. கனம் பெயரில் மட்டும்தான். எங்கள் லாரி ஒவ்வொன்றும் ஒரு பூனை அளவு இருக்கும். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கல்லிலும் மேட்டிலும் ஓட்டுவோம். இதைப் ‘பொம்மை’ என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களை மன்னித்துவிட்டோம்.

தலைவர் லோகேஸ்வரன் அண்ணன், கடல் பாலம் தாண்டி மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். குகன் துணைத் தலைவர். ஜாஹிர் என்ற நான் செயலாளர். வேறு உறுப்பினர்கள் இல்லாததால் கழகத்தில் கோஷ்டிப் பூசல் கிடையாது.

மற்ற இடங்களில் சஸ்பென்ஷன் என்றால் வேலையிலிருந்து தள்ளிவைப்பது. எங்களிடம் அது சக்கரத்தின் குலுக்கலை அடக்கும் தவம். தலைவரின் லாரி கடையிலிருந்து வந்தபோது அதன் நான்கு சக்கரத்துக்கும் பிளாஸ்டிக் அப்சோர்பர்தான் இருந்தது. சின்னக் கல்லில் ஏறினாலும் தவளை மாதிரி துள்ளியது. அதைக் கழற்றிவிட்டு, உள்ளே எண்ணெய் ஊற்றும் அலுமினிய அப்சோர்பர் பொருத்துவதென்று கழகம் தீர்மானித்தது. எந்த எண்ணெய் என்பதில்தான் சிக்கல்.

“மெல்லிசா ஊத்துனா துள்ளும் தலைவரே,” என்றார் குகன்.

“கெட்டியா ஊத்துனா?”

“வெறைச்சிக்கும்.”

“அப்ப நடுத்தரமா ஊத்துவோம்லா,” என்றேன் நான்.

இந்த முடிவை எட்டக் கழகத்துக்கு ஒரு மாதம் பிடித்தது. அவசரப்பட்டு முடிவெடுக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

அடுத்தது பரிசோதனை. லாரியின் பின்தட்டில் ஒரு பச்சை முட்டையை வைத்து மலையடிவாரத்துக் கற்களின் மேல் ஓட்ட வேண்டும். முட்டை உடைந்தால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். முட்டைகளைத் தலைவரின் மனைவி குமுதா அக்காவின் சமையலறை வழங்கியது, அக்காவிடம் சொல்லாமல்தான்.

ஒரு நாள் அக்கா, உடைந்த முட்டைகளை ஆம்லெட்டுக்காகக் கிண்ணத்தில் வழித்துக்கொண்டே தலைவரிடம் வீட்டுக் காரைப் பற்றிக் கேட்டார். “ஏங்க, நம்ம காடிக்கும் அப்சோர்பர் போயிருச்சுங்க. பசார் போயிட்டு வந்தா இடுப்பு கழண்டுருது.”

“காடிக்கு வயசாச்சும்மா. அதோட சுபாவம் அது. பழகிக்கணும்.”

“இந்த லாரிக்கு மட்டும் மாத்துறீங்க?”

“லாரி கரடுமுரடு ரோட்டுல ஓடுதுலா!”

அக்கா முட்டையைக் கொஞ்சம் வேகமாக அடித்தார்.

கடைசியில் அந்தப் பொன்னாள் வந்தது. லாரி மேடேறி, பள்ளம் இறங்கி, வேர்களைத் தாண்டி வந்தது. முட்டை கீறல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தது. தலைவர் அதைக் கையில் எடுத்து, பிறந்த குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அக்காவுக்குக் குடல்வால் ஆப்பரேஷன் முடிந்து அன்றுதான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நாங்கள் அதை மறந்துவிடவில்லை. முட்டைக்கு அடுத்ததாக வரிசையில் வைத்திருந்தோம்.

தலைவரின் காரில் மூவரும் நேரே கிளம்பினோம். பின்சீட்டில் ஒரு தலையணை போட்டு, அதன் மேல் லாரியை உட்கார வைத்து, பெல்ட்டும் மாட்டினோம். ஒரு பக்கம் காவலுக்கு நான், மறுபக்கம் குகன். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் நோர்மா, அக்காவை முன்சீட்டில் பக்குவமாக உட்கார வைத்தார். “பெலான் பெலான் யா, அண்ணே,” என்று மெதுவாகப் போகச் சொல்லிவிட்டு, காரை ஒரு முறை சந்தேகமாகப் பார்த்தார்.

முதல் குழியிலேயே கார் விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. “அம்மா!” என்றார் அக்கா. வயிற்றில் தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

“ஜாஹிர் தம்பி, அந்தத் தலாணியக் குடுப்பா. வயித்தோட அணைச்சிக்கச் சொன்னாரு டாக்டரு.”

நான் கையை நீட்டினேன். கண்ணாடியில் தலைவரின் கண்கள் தெரிந்தன.

“ஏய், இரு இரு! லாரிய எங்க வைப்ப? இப்பதான் உயரம் சரிபண்ணி வச்சிருக்கு.”

“என் மடியில வச்சிக்கிறேண்ணே.”

“உன் மடி சமமா இல்லலா.”

என் மடியைக் குனிந்து பார்த்தேன். சமமாக இல்லைதான். தொழில்நுட்பத்துக்கு முன்னால் தனிமனிதர் வாதாட முடியாது. கையை இழுத்துக்கொண்டேன்.

இன்னொரு குழி. பிறகு ஒரு மேடு. அக்கா சத்தம் போடுவதை நிறுத்திவிட்டார், பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். டத்தோ கிராமாட் பகுதி வந்ததும், “இங்க நிப்பாட்டுங்க,” என்றார். அவருடைய அக்கா புஷ்பவள்ளியின் வீடு அங்கேதான் ஒரு சந்தில் இருக்கிறது. கதவைத் திறந்து, கார் கூரையைப் பிடித்து மெல்ல இறங்கினார்.

“குமுதா! வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தானே!”

“தூரம் உங்களுக்கு. எனக்குக் குழிதான் கணக்கு.”

வயிற்றைப் பிடித்தபடி சந்துக்குள் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. லாரி மட்டும் தலையணையில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் புஷ்பவள்ளி அக்கா தலைவருக்குப் போன் செய்தார். “தம்பி, காடிக்கு அப்சோர்பர் மாத்துங்க. அப்பதான் அவ அதுல ஏறுவா. அது வரைக்கும் எங்கூடவே இருக்கட்டும்.”

கழகம் அவசரமாகக் கூடியது. தலைவர் சவரம் செய்திருக்கவில்லை.

“வீடு ஒரே அமைதியா இருக்குலா. டிவி போட்டாலும் அமைதியாத்தான் இருக்கு,” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அக்கா மேல் அவருக்கு உயிர். அந்த உயிரை எங்கே பொருத்துவது என்றுதான் தெரியவில்லை.

குகன் வெகுநேரம் யோசித்தார். “தலைவரே, அவங்க அப்சோர்பர்னு சொல்லியிருக்காங்க. அப்படின்னா என்ன? நம்ம அப்சோர்பர் மேல அவங்களுக்கு இன்னும் நம்பிக்கை வரல.”

தலைவரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. காருக்கு வொர்க்ஷாப் தேடலாமே என்ற ஒரு கருத்து எனக்கும் தோன்றியது. கூட்டத்தின் உற்சாகத்தைக் கெடுக்க வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை புஷ்பவள்ளி அக்கா வீட்டு கேட்டருகே கழகம் அணிவகுத்தது. தலைவரே இஞ்சி தட்டிப் போட்டுக் கலந்த டீ. விளிம்பு வரை ஊற்றிய கப்பை லாரியின் பின்தட்டில் வைத்தார். லாரி ஜல்லிக் கற்களின் மேல் ஏறியது. சாக்கடை மூடியைக் கடந்தது. செருப்புக் குவியலில் ஏறி இறங்கியது. வண்டி ஒரு பக்கம் சாய, டீ மறுபக்கம் சாய்ந்து, பிறகு மனம் மாறி நிலைக்கு வந்தது. வாசற்படிக்கு ஒரு பலகை வைத்திருந்தோம். அதன் வழியே உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்திருந்த குமுதா அக்காவின் காலடியில் நின்றது.

“எடுத்துக் குடிம்மா,” என்றார் தலைவர், கண்ணில் நீரோடு.

“குனிய முடியாதுங்க. தையல் இழுக்குது.”

எங்கள் பொறியியல் கணக்கில் அது வரவில்லை. புஷ்பவள்ளி அக்காதான் கப்பை எடுத்துத் தங்கையின் கையில் கொடுத்தார். எங்களைப் பார்க்காமலே கொடுத்தார்.

குமுதா அக்கா கப்பைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு நின்ற காரையும் பார்த்தார்.

“ஒரு சொட்டுகூட சிந்தலைங்க.”

“பாத்தியா!”

“அடுத்த பொறப்புன்னு ஒண்ணு இருந்தா, உங்களுக்குப் பொண்டாட்டியா வர மாட்டேன். டீயாப் பொறந்துர்றேன்.”

தலைவர் பெருமிதத்தோடு எங்கள் பக்கம் திரும்பினார்.

“கேட்டீங்களா? அவளே சொல்லிட்டா! இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்?”

குகன் கைதட்டினார். நானும் பலமாகத் தட்டினேன். குமுதா அக்கா மட்டும் தட்டவில்லை. ஒரு கையில் கப் இருந்தது. மறு கை, நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து வழியெல்லாம் குலுக்கிக் கொண்டுவந்த தையலை அழுத்திப் பிடித்திருந்தது.