படையல் மாத்திரை

படையல் இலையின் ஓரத்தில் அந்த வெள்ளை டப்பா மூடி திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. வீரபாண்டியன் அதை எடுத்துக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான்.

"அத்தை, இதை யாரு இங்க வச்சது?"

"நாந்தான்" என்றாள் அம்மாக்கண்ணு. "அண்ணன் கடைசி மூணு மாசமும் அதத்தான வாய்விட்டுக் கேட்டாக? சோத்தைக்கூடக் கேக்கலையே."

"உள்ள இருந்த மாத்திரை எங்க?"

"படையல்ல வச்சத வீணாக்குவாகளா? மூட்டு வலிக்காரிகளுக்குப் பகுந்து குடுத்துட்டேன். ஆளுக்கு ரெண்டு."

அப்பா பெத்தனுக்குப் புற்றுநோய் வலிக்காகக் கொடுத்த மார்ஃபின் மாத்திரை அது. கொடுத்த நர்ஸ் மீனலோசனி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: மிச்சம் இருந்தால் ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுங்கள், குப்பையிலும் போடாதீர்கள், அடுத்தவர் வாயிலும் போடாதீர்கள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியே கருமாதி நாள் வந்துவிட்டது. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

பந்தலுக்கு ஓடினான். "மாத்திரை சாப்பிட்டவுக எல்லாம் கை தூக்குங்க!"

பந்தியில் இருந்த அத்தனை பேரும் தூக்கினார்கள்.

"இன்னும் இருக்காப்பா?" என்றது ஒரு குரல்.

"அது அபினிச் சரக்கு! மூச்சு நின்னுரும்!"

கைகள் இறங்கின. நாலு பெண்கள் எச்சில் இலைக்குப் பக்கத்திலேயே சாய்ந்தார்கள்.

"பெரியம்மா, நீங்க எத்தனை தின்னீக?"

"நான் திங்கலப்பா. பக்கத்துல இவ தின்னா. எனக்குக் கிறுகிறுங்குது."

108-க்குப் போன் செய்தான். மீனலோசனிக்கும் செய்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். தெரு வாட்ஸ்அப் குழுவிலும் கத்தினான்: "எங்க வீட்டு மாத்திரைய யாரும் வாங்கித் திங்காதீக! அது போதை மாத்திரை!"

பத்து நிமிடத்தில் ஒரு பைக் வந்து நின்றது. இருவர் இறங்கினார்கள். கோட்டையூரிலேயே பார்த்திராத முகங்கள்.

"அப்பா தவறிட்டாகளாம்ல, ரொம்ப வருத்தம்ணே" என்றான் ஒருவன். மற்றவன் குரலைத் தாழ்த்தினான். "மிச்சம் ஏதும் இருக்கா?"

வீரபாண்டியனின் செருப்பு பறந்தது. அவர்கள் மேல் படவில்லை, ரச வாளியில் விழுந்தது.

"மாப்ள, எந்திரிச்சு வாடா! ஒத்தை ஆளா என்ன செய்வேன்?"

பந்தல் மூலையில் மைத்துனன் தேவா வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"அவன ஏன்டா எழுப்புற?" என்று அத்தை பாய்ந்தாள். "நீ பஸ் ஓட்டப் போயிட்ட. வேளா வேளைக்கு ஒங்கப்பனுக்கு மாத்திரை குடுத்தது அந்தப் புள்ளதான். அசந்து கெடக்கான்."

அதுவும் உண்மைதான். "மாத்திரைக்கு வலி கேக்கவே மாட்டேங்குதுடா" என்று அப்பா கையைப் பிடித்து அழுதபோதுகூட, "தேவாதான் நேரத்துக்குக் குடுக்குறான்ல? பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடங்க" என்று கத்திவிட்டு வண்டிக்குப் போனவன்தான் வீரபாண்டியன். சொந்தப் பிள்ளை செய்யாததை மைத்துனன் செய்தான் என்று ஊரே சொன்னது.

ஆம்புலன்ஸ் வந்த நேரத்துக்கே மீனலோசனியும் வந்து சேர்ந்தாள். படுத்துக் கிடந்தவர்கள் வண்டியில் ஜன்னல் பக்கத்து இடத்துக்குச் சண்டை போட்டார்கள்.

"மூச்சு நிக்கிற ஆளுகளா இவுக?" என்றாள் நர்ஸ். "திங்காத மாத்திரை யாருகிட்டயாச்சும் இருக்கா?"

ஒருத்தி முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டை நீட்டினாள். மீனலோசனி புரட்டிப் பார்த்தாள்.

"நான் குடுத்தது இது இல்ல. இது எலும்புச் சத்து மாத்திரை."

கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். "அப்ப பாயசத்தப் போடுங்கப்பா" என்றார் ஒருவர். வீரபாண்டியன் பதினாறு நாளில் முதல்முறையாகச் சிரித்தான்.

நர்ஸ் சிரிக்கவில்லை. மூலைக்குப் போய், தேவாவின் இமையை விரலால் தூக்கிப் பார்த்தாள். மூக்கருகே கை வைத்தாள்.

"ஒங்க அப்பா மாத்திரையெல்லாம் இங்குட்டுப் படுத்துக் கெடக்கு. மொதல்ல இவர வண்டியில ஏத்துங்க."