சட்டப்படி அது பீர்தான்

பீருக்குப் பேர்போன பிராங்கோனியாவில், எங்கள் ஊரான ஓபர்க்ரொய்ட்டில், ஒரு மனிதர் அரசாங்கத்தைத் திட்டலாம். பாதிரியார் பிரசங்கம் செய்யும்போது கொட்டாவி விடலாம். பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லாத சமயம் பார்த்து வேலியைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கலாம். இவற்றுக்கெல்லாம் மன்னிப்பு உண்டு. பங்க்ராத்ஸின் விடுதியில் உட்கார்ந்துகொண்டு பங்க்ராத்ஸ் காய்ச்சிய பீரைக் குறை சொன்னால் மட்டும் மன்னிப்பு கிடையாது.

அந்த விடுதியில் கணப்படுப்பை ஒட்டிய மூலை மேசை நிரந்தர வாடிக்கையாளர்களுக்கு உரியது. மேசைக்கு மேலே சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு கல்குவளை, குவளையில் சொந்தக்காரரின் பெயர். யாராவது இறந்தால்தான் ஓர் ஆணி காலியாகும். சொந்த வீடு இல்லாதவரையும் எங்கள் ஊர் மனிதராக மதிக்கும். ஆணி இல்லாதவரை வெளியூர்க்காரர் என்றே கருதும், அவர் இங்கேயே பிறந்திருந்தாலும்.

கங்கோல்ஃப் டோர்ஷுக்கு ஆணி இருந்தது. நகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவில் துணைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நாய்க்கூண்டுக்கும் வரைபடம் கேட்டவர். கோழிக்கூட்டின் சாளரம் தப்பான திசையில் இருக்கிறதென்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவர். கோழிகள் செத்து, விண்ணப்பதாரர் முட்டையைக் கடையில் வாங்க ஆரம்பித்த பிறகு அனுமதி வழங்கியவர். அப்பேர்ப்பட்டவர் ஒரு வியாழக்கிழமை மாலை குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"இந்தத் தடவை கொஞ்சம் தண்ணியா இருக்கே?"

மேசையில் இருந்த மற்றவர்கள் உடனே தத்தம் குவளைக்குள் பார்த்தார்கள். ஓய்வு பெற்ற மருந்துக் கடைக்காரர் லோரென்ஸ் ஒரு வாய் குடித்துவிட்டு, யாரும் கேட்காமலே, "எனக்குத் தேன் மாதிரி இருக்குப்பா" என்றார்.

பங்க்ராத்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கங்கோல்ஃபின் குவளையை எடுத்தார். மிச்சத்தைக் கொட்டினார். முந்தின நாள் செய்தித்தாளில் குவளையைச் சுற்றி, மீன் பொட்டலம் மாதிரி அவர் முன்னால் வைத்தார்.

"எங்க அப்பா, அவரோட அப்பா, அவரோட அப்பான்னு எல்லாரும் காய்ச்சின பீருய்யா இது. உனக்குத் தண்ணியா இருக்கா?"

"கொஞ்சம்னுதானே சொன்னேன்."

"நீயே காய்ச்சி இங்க கொண்டா. இந்த மேசைல இருக்கறவங்க குடிக்கட்டும். நல்லா இல்லைன்னு ஒருத்தர்கூடச் சொல்லலைன்னா குவளைய நானே மறுபடி மாட்டறேன். அது வரைக்கும் வீட்ல உக்காந்து பால் குடி."

கங்கோல்ஃப் பொட்டலத்தோடு வீடு வந்தார். அவர் மனைவி ஹெட்விக் பொட்டலத்தைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டாள்.

"போய் மன்னிப்பு கேட்டுட்டு வாயேன்."

"முப்பது வருஷத்துக்கு மேல அரசாங்க உத்தியோகத்துல இருந்தவன் நான். மன்னிப்பு கேக்கறதுக்குன்னு ஒரு நடைமுறையே எங்களுக்குக் கிடையாது."

"வியாழக்கிழமை சாயங்காலம் நீ வீட்ல இருந்தா எனக்கு என்ன நடைமுறை?"

ஆபத்து எப்படிப்பட்டது என்பது இருவருக்குமே விளங்கிவிட்டது.

அந்தச் சமயத்தில் வீட்டில் பீர் காய்ச்சுவது நாடெங்கும் நாகரிகமாக இருந்தது. ஐம்பதைத் தாண்டிய ஆண்களைப் பிடிக்கும் காய்ச்சல் அது. அதற்கு முன்னால் அதே ஆண்கள் தேனீ வளர்த்தார்கள். தேனீ கொட்டியதும் புளித்த மாவு ரொட்டிக்கு வந்தார்கள். ரொட்டி கல்லானதும் பீருக்கு வந்தார்கள். அவர்கள் பீரைக் குடிப்பதில்லை. மூக்கை உள்ளே விட்டு, "ஈரமான காடு தெரிகிறது, பின்னால் ஓர் எலுமிச்சைத் தோல் வருகிறது" என்று வர்ணிப்பார்கள். காடும் எலுமிச்சையும் வந்து சேர்ந்த பிறகு மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றுவார்கள்.

ஆகவே பழைய சாமான்களுக்குப் பஞ்சமே இல்லை. விளம்பரங்களைக் கங்கோல்ஃப் ஊன்றிப் படித்தார். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'ஒரே முறை பயன்படுத்தியது. நேரமின்மையால் விற்பனை.' குடிக்க முடியாததால் விற்பனை என்று ஒருவர்கூட எழுதவில்லை. எனவே இது நேரம் பிடிக்கும் கலை என்ற முடிவுக்கு வந்தார். அவரிடம் இருந்த ஒரே சொத்து நேரம்தான்.

ஒரு விளம்பரம் உள்ளூரிலேயே இருந்தது. போய்க் கதவைத் தட்டினால், திறந்தவர் லோரென்ஸ்.

"தேன் மாதிரின்னு சொன்னவன்தானே நீ?" என்றார் கங்கோல்ஃப்.

"அது அரசியல்டா. உள்ள வா."

லோரென்ஸின் நிலவறையில் எல்லாம் இருந்தன. அவர் அம்மா பிளம் பழம் வேகவைத்துப் பதப்படுத்திய மின்கொப்பரை. தானியம் அரைக்கும் கையரவை. துடுப்பு போன்ற மரக்கரண்டி. நொதிக்க வைக்கும் பெரிய பிளாஸ்டிக் வாளி, அதன் மூடியில் குமிழ் விடும் சின்னக் குழாய். கங்கோல்ஃப் வாளிக்குள் தலையை விட்டு, உடனே வெளியே எடுத்தார்.

"என்னமோ வாடை அடிக்குதே?"

"பீருக்கு அப்புறம் சும்மாக் கிடந்துதேன்னு முட்டைக்கோஸ் புளிக்க வெச்சோம். ரெண்டு குளிர்காலம். அருமையான முட்டைக்கோஸ்!"

"உள்ளே கீறல் வேற இருக்கு."

"முட்டைக்கோஸைச் சுரண்டி எடுக்க வேண்டாமா? வெந்நீர் விட்டுக் கழுவு, போயிடும். மருந்துக் கடைக்காரன் சொல்றேன்."

மருந்துக் கடைக்காரர் சொன்னதால் கங்கோல்ஃப் வாங்கினார்.

இனிச் சட்டம். வீட்டில் பீர் காய்ச்சும் குடிமகன் காய்ச்சுவதற்கு முன் சுங்க அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. ஒரு வரி எழுதினால் போதும். எங்கள் ஊரில் அந்த ஒரு வரியையும் யாரும் எழுதுவதில்லை. கங்கோல்ஃப் நான்கு பக்கம் எழுதினார். கொப்பரையின் முற்பிறப்பைக் குறிப்பிட்டார். அதில் பிளம் பழத்தின் எச்சம் இருக்குமானால் அதற்குத் தனி வரி உண்டா என்று பணிவுடன் கேட்டார். காய்ச்சப்போகும் இடமான துணி துவைக்கும் அறையின் வரைபடத்தை, ஒன்றுக்கு ஐம்பது என்ற அளவில், வடதிசை அம்புக்குறியோடு இணைத்தார்.

அடுத்த வாரமே சுங்க அலுவலர் கெஸ்ட்லர் வந்து நின்றார். ஒல்லியானவர், மரியாதையானவர், காலணியை வாசலில் நன்றாகத் துடைத்தவர்.

"இந்த வரைபடம் நீங்க வரைஞ்சதா ஐயா?"

"ஆமாங்க."

"அருமை. எங்க ஆபீஸ்ல எல்லாரும் பாத்தாங்க." கெஸ்ட்லர் பெருமூச்சு விட்டார். "அதுலதான் சிக்கல். ஒரு வரி வந்தா ஃபைல்ல போட்டுடுவோம். வரைபடம் வந்தா நேர்ல போய்ச் சரிபாக்கணும். இது வரைக்கும் யாரும் வரைபடம் அனுப்பினதில்லை. எனக்கே இதான் முதல் தடவை."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார் கங்கோல்ஃப், மகிழ்ச்சியை மறைக்க முடியாமல்.

கெஸ்ட்லர் வரைபடத்தையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தார். "இது என்னங்க?"

"துணி துவைக்கற மெஷின்."

"பீர் காய்ச்ச இது தேவைப்படுமா?"

"தேவைப்படாது."

"அப்ப ஏன் வரைபடத்துல இருக்கு?"

"அங்க இருக்கறதால இருக்கு."

"காய்ச்சும் வளாகத்துக்குள்ள இருக்கற, ஆனா காய்ச்சறதுக்குப் பயன்படாத பாத்திரம். நீர் உள்ளே போகுது, வெளியே வருது, சூடாகுது, கலக்குது." கெஸ்ட்லர் யோசித்தார். "பயன்படாதுன்னு உறுதி செய்யணும்னா முத்திரை வைக்கணும். நீங்க என் இடத்துல இருந்தா என்ன செய்வீங்க?"

கங்கோல்ஃப் நேர்மையானவர். "முத்திரை வெச்சிருப்பேன்" என்றார்.

ஈய முத்திரை விழும் சத்தம் கேட்டு ஹெட்விக் ஓடி வந்தாள். "ஐயோ, உள்ளே போர்வை இருக்கு!"

"நொதிச்சு முடியற வரைக்கும் இருக்கட்டும்மா" என்றார் கெஸ்ட்லர் அன்போடு.

அதன் பிறகு ஹெட்விக் குளியல் தொட்டியில் துணி துவைத்தாள். துவைக்கும்போது கங்கோல்ஃபின் பெயரைச் சொல்லிச் சொல்லித் துவைத்தாள் என்பது பக்கத்து வீட்டாரின் சாட்சியம்.

ஆனால் காய்ச்சிய நாள் நல்ல நாள். அரைத்த மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, வெந்நீரில் கிடக்க, அறை முழுவதும் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியின் மணம். கங்கோல்ஃப் மரக்கரண்டியோடு நின்றார், கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை, தெரியாமலே சிரித்தார். வாழ்நாள் முழுவதும் மற்றவர்கள் கட்டியதற்கு அனுமதி கொடுத்தவர் முதல் தடவையாகத் தானே ஒன்றைச் செய்தார். கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டார், ஆற வைத்தார், வாளியில் ஊற்றி ஈஸ்ட் தூவினார். மறுநாள் குழாய் 'பிளக், பிளக்' என்று குமிழ் விட்டபோது ஹெட்விக்கைக் கையைப் பிடித்து அழைத்து வந்து காட்டினார். அவள்கூடக் கொஞ்சம் சிரித்தாள்.

நொதித்து அடங்கி, பாட்டிலில் சில வாரம் இருந்த பிறகு, இருவரும் ஆளுக்கொரு கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் குடித்தார்கள்.

இருவரும் ஒரே நேரத்தில் குவளையைக் கீழே வைத்தார்கள்.

"பன்றிக்கறிக்குப் பக்கத்துல வெச்சா நல்லா இருக்கும்" என்றாள் ஹெட்விக்.

"குடிக்கறதுக்கா?"

"தொட்டுக்கறதுக்கு."

முட்டைக்கோஸின் புளிப்பு வாளியின் கீறல்களை விட்டுப் போகவே இல்லை. அங்கேயே குடியிருந்து, குடும்பம் நடத்தி, புது விருந்தாளியைப் புளிக்க வைத்துவிட்டது. இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் 'நேரமின்மையால் விற்பனை' என்று விளம்பரம் கொடுத்திருப்பார்கள். கங்கோல்ஃப் சுங்க அலுவலகத்துக்கு எழுதினார்: தாம் தயாரித்த திரவம் பீர் அல்ல என்று ஐயுறுவதாகவும், எனவே முந்தைய அறிவிப்பைத் திரும்பப் பெற விரும்புவதாகவும்.

கெஸ்ட்லர் மறுபடி வந்தார். நீண்ட கண்ணாடிக் குழலில் திரவத்தை ஊற்றினார், மிதக்கும் அளவுகோலை இறக்கினார், கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"மால்ட் போட்டீங்களா?"

"போட்டேன்."

"ஹாப்ஸ், தண்ணி, ஈஸ்ட்?"

"போட்டேன்."

"வேற ஏதாவது சேர்த்தீங்களா?"

"நானா எதுவும் சேர்க்கலை."

"அப்ப இது பீர்."

"குடிச்சுப் பாருங்களேன்."

"பணி நேரத்துல குடிக்கக் கூடாது. தவிர, ருசி எங்க துறையில வராது."

"வாயில வைக்க முடியலை ஐயா!"

"வாய் பத்திச் சட்டத்துல ஒண்ணும் இல்லை. இது பீர் இல்லைன்னா, பீர் காய்ச்சப் போறேன்னு நீங்க நாலு பக்கம் எழுதினது பொய்த் தகவல் ஆயிடும். அதுக்குத் தண்டனை உண்டு. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

கங்கோல்ஃப் மறுபடியும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, பீர்தான் என்று ஒப்புக்கொண்டார். 'மேற்படி திரவம் பீர் என்று இதன்மூலம் உறுதி செய்யப்படுகிறது' என்று கெஸ்ட்லர் எழுதி அரசாங்கக் கழுகு முத்திரை குத்தினார். சலவை இயந்திரத்தை விடுவித்தார். போர்வையைப் பற்றி இங்கே எழுதாமல் விடுவதே நாகரிகம்.

"இதை விடுதிக்குக் கொண்டு போகலாமா?"

"விக்கக் கூடாது. சும்மாக் குடுக்கலாம். சும்மாத்தான் குடுக்கறீங்களான்னு யாராவது பாக்கணும்." கெஸ்ட்லர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என் வேலை முடியப் போகுது. நானும் சாப்பிடலை. வாங்க, சேர்ந்தே போவோம்."

மூலை மேசையில் கங்கோல்ஃப் சான்றிதழை வைத்தார், அதன்மேல் பாட்டில்களை வைத்தார். பக்கத்து மேசையில் கெஸ்ட்லர் பன்றித் தோள்கறிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லோரும் முதலில் கழுகைப் பார்த்தார்கள், பிறகு கெஸ்ட்லரைப் பார்த்தார்கள், பிறகு குடித்தார்கள்.

வாளி யாருடையது என்ற கேள்வி எழுவதற்குள் லோரென்ஸ் முந்திக்கொண்டார். "பிரமாதம்!"

முன்னாள் ரயில் நிலைய அதிகாரி எமெரான் நாக்கை மேலண்ணத்தில் தேய்த்தார். "வித்தியாசமா இருக்கு."

"நல்லா இல்லைங்கறியா?" என்று பங்க்ராத்ஸ் ஆவலோடு குனிந்தார்.

எமெரான் கழுகை இன்னொரு தரம் பார்த்தார். "வித்தியாசமா இருக்குங்கறேன்."

அவ்வளவுதான். முத்திரை குத்தியதை எதிர்த்துப் பேசும் ஆள் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. பங்க்ராத்ஸ் பாட்டிலைப் பிடுங்கித் தானே ஒரு வாய் குடித்தார், குடித்தது வெளியே வந்தது.

"இது பீரா? வாளி கழுவின தண்ணிய்யா இது! இதக் காய்ச்சின ஆளு என் பீரத் தண்ணின்னு சொன்னாரு ஐயா, நீங்களே கேளுங்க!" என்று கெஸ்ட்லரிடம் முறையிட்டார்.

கெஸ்ட்லர் முட்கரண்டியைக் கீழே வைத்தார். "சரியாத்தானே சொல்லியிருக்காரு?"

"என்னது?"

"கெட்டியான பீருக்கு வரி அதிகம், இலேசான பீருக்குக் குறைவு. நீங்க வருஷா வருஷம் இலேசானதுன்னுதானே எழுதிக் குடுக்கறீங்க? இல்லையா?"

மேசை முழுவதும் பங்க்ராத்ஸைப் பார்த்தது. பங்க்ராத்ஸ் தரையைப் பார்த்தார். நான்கு தலைமுறைகள் அவர் தொண்டையில் ஏறி இறங்கின.

"ஆமாங்க" என்றார் மெதுவாக. "இலேசானதுதான்."

சொன்ன சொல் தவறாதவர் பங்க்ராத்ஸ். கங்கோல்ஃப் கையோடு கொண்டுவந்திருந்த குவளையை வாங்கி ஆணியில் மாட்டினார். மாட்டிய கையோடு மறுபடி எடுத்து, தன் பீரை நிரப்பி, அவர் முன்னால் வைத்தார். வாரக்கணக்கில் தன் வாளியை மட்டுமே ருசி பார்த்திருந்த கங்கோல்ஃப் ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார். அவர் கண்ணில் நீர் நிறைந்தது.

"அடடா!" என்று கத்தினார். "என்ன கெட்டி! என்ன கெட்டிய்யா இது! தேன்!"

கெஸ்ட்லர் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். "கெட்டியா இருக்கா?" என்றார். "பதிவு பெற்ற காய்ச்சுநர் நீங்க. விஷயம் தெரிஞ்சவர் சொல்றதைச் சும்மா விட முடியாதே. சோதனைக்கு ஒரு பாட்டில் எடுத்துக்கறேன்."

சோதனையின் முடிவு பங்க்ராத்ஸின் முகத்தில் வெளியானது. பீர் என்றைக்குமே தண்ணியாக இருந்ததில்லை; வருஷா வருஷம் குறைத்துக் கட்டிய வரியை அவர் மொத்தமாகக் கட்ட வேண்டியதாயிற்று. "அந்த வியாழக்கிழமை உனக்கு ஜலதோஷம். காப்பியும் தண்ணியா இருக்குன்னு காலைல என்னையும் திட்டினே" என்றாள் ஹெட்விக், எல்லாம் முடிந்த பிறகு.

கங்கோல்ஃபின் குவளை இரண்டாவது முறையாகச் செய்தித்தாளில் வீடு வந்தது. தண்ணி என்று சொன்னதற்கு முதல் தடவை. கெட்டி என்று சொன்னதற்கு இரண்டாம் தடவை. காலியான ஆணி வீணாக வேண்டாமென்று பங்க்ராத்ஸ் அதில் கெஸ்ட்லரின் குவளையை மாட்டியிருக்கிறார். எங்கள் சமையலும் ஊரும் கெஸ்ட்லருக்குப் பிடித்துவிட்டன. வியாழன்தோறும் வருகிறார். எங்களோடு உட்கார்ந்து, நட்போடுதான், "இன்னிக்குப் பீர் எப்படிங்க?" என்று கேட்கிறார்.

"இருக்குங்க" என்கிறோம் எல்லோரும் ஒரே குரலில்.

அதனால்தான், இப்போதெல்லாம் எங்களில் சிலர் ஒரு குவளையோடு நிறுத்திக்கொண்டு எழுந்து, வயிறு சரியில்லை என்று சொல்லி, ஒருவர் பின் ஒருவராகக் கங்கோல்ஃபின் சலவையறைக்குப் போய்விடுகிறோம். வாளியை அவர் இன்னும் மாற்றவில்லை. லோரென்ஸ்தான் முதல் ஆளாக முகத்தைச் சுளித்து, "தூ, முட்டைக்கோஸ்!" என்பார். வாய்விட்டு, சத்தமாக, எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம். கங்கோல்ஃப் குவளையைப் பிடுங்குவதில்லை. "ஆமா, இல்ல?" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறார்.