கடைசிப் பக்கத்திலிருந்து வந்த ஐந்து ஓட்டுகள்

புதுச்சேரி,
28 டிசம்பர் 2025, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம்.
பதிவான ஓட்டு ஆறு. ஜப்பான் புத்தகத்துக்கு ஐந்து. விண்கப்பல் புத்தகத்துக்கு ஒன்று. அந்த ஒன்றைப் போட்டது நான்.

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய கிளோதின் அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகன் மரிய அருண் எழுதிக்கொள்வது.

இங்கு அம்மா, அப்பா, தங்கை மெரின், தொமினிக் பெரியப்பா எல்லோரும் குழந்தை சேசுவின் புண்ணியத்தில் சுகம். நான் சுகமில்லை. லியோனில் நீங்களும் மகள் ஒரேலியும் குளிரைச் சமாளித்துக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்பி, விசாரிப்பை இத்துடன் முடித்து விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் அனுப்பும் பிரெஞ்சு காமிக்ஸ்களில் இந்த வருஷம் எங்களுக்கு மிகவும் பிடித்தது எது என்று கிறிஸ்துமஸ் கழிந்த ஞாயிறு ஓட்டுப் போட்டு எழுத வேண்டும், ஜெயித்த தொடரின் அடுத்த பாகங்கள் பொங்கலுக்கு இங்கே வரும் ஒரேலியின் பெட்டியில் வந்து சேரும் என்பது நீங்கள் போட்ட சட்டம். சீஸும் சாக்லேட்டும் போக அந்தப் பெட்டியில் ஒரே ஒரு தொடருக்குத்தான் இடம் என்பதும் உங்களுக்குத் தெரியும். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். விண்கப்பல் மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் எஞ்சின் அணைந்து கப்பல் இருட்டில் நிற்கிறது, உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சுவிடக் காற்று குறைந்துகொண்டே வருகிறது, அதோடு தொடரும் என்று போட்டுவிட்டான். நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டுத் தேங்காய்த்திட்டில் தினமும் படகு எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறவன். அது ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். அந்த மெக்கானிக் பெண் டீசலோ என்ன எழவோ போகிற குழாயின் நட்டைக் கழற்றிப் பார்த்தாள், காற்று உள்ளே புகுந்துவிட்டது, அதிலிருந்து மூன்றாவது பக்கத்தில் எஞ்சின் செத்துப்போச்சு. இது கப்பலில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஆளாளுக்குப் பிரார்த்தனை பண்ணுகிறார்கள். நட்டை முடுக்குங்கடா என்று பிப்ரவரியிலிருந்து புத்தகத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறேன். நாலாம் பாகம் வந்தால்தான் அவர்கள் பிழைத்தார்களா என்று தெரியும். இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் அவர்கள் மூச்சு முட்ட வேண்டும், கூடவே நானும்.

இப்போது நடந்த அநியாயத்தைக் கேளுங்கள். ஞாயிறு சாயங்காலம் பெரியப்பா மாடியிலிருந்து இறங்கிவந்து பிரெஞ்சில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று காமிக்ஸ் படித்துக்காட்டுவார் அல்லவா? ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறிய எஞ்சின்கள் வரிசையாக வந்ததால் நான் அந்த மாதம் முழுக்க ஞாயிறும் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தேன். அந்தச் சமயம் பார்த்து இவர் நீங்கள் புதிதாக அனுப்பிய, பாகத்துக்கு ஒரு தனிக் கதை வருகிற ஜப்பான் தொடரின் முதல் புத்தகத்தை எடுத்திருக்கிறார். பிரெஞ்சில்தான் இருக்கிறது, ஆனால் ஜப்பான்காரன் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் போவான், நமக்குக் கடைசிப் பக்கம் அவனுக்கு முதல் பக்கம். நம் ஆள் பிரெஞ்சு ராணுவத்தில் பென்ஷன் வாங்குகிறவர், எல்லாப் புத்தகத்தையும் திறக்கிற மாதிரி இதையும் திறந்துவிட்டார். அப்படித் திறப்பவர்களுக்காகவே அந்தப் பக்கத்தில் 'நில்லுங்கள், தவறான பக்கமாக வந்துவிட்டீர்கள், திரும்பிப் போங்கள்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறான். பெரியப்பா அதைப் பார்த்தார். பார்த்து, கதையின் முதல் வசனம் அது என்று நினைத்து, பழைய பட்டாளக் குரலில், "ஆல்த்! நில்லு! தப்பான வழியா வந்துட்ட! திரும்பிப் போ!" என்று அதட்டிப் படித்திருக்கிறார். அடுத்த படம் கல்லறை. அம்மா உடனே, "கல்லறைக்குக் காவல் நிக்கிறவன் சொல்றான்" என்று விளக்கம் கொடுத்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாராம்.

உள்ளபடி அந்தக் கதை ஒரு மீனவப் பையன் பிறந்து, வளர்ந்து, அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு கடலுக்குப் போய், படகு மூழ்கிச் செத்து, புதைக்கப்படுகிற கதை. இவர்கள் கேட்ட கதையில் கல்லறை திறக்கிறது, செத்தவன் எழுந்து வருகிறான், மூழ்கிய படகு மேலே வருகிறது, அப்பனும் மகனும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், கடைசியில் குழந்தையாகி அம்மா மடியில் படுத்திருக்கிறான். இதற்குப் போய் நான் ஒரு எஞ்சினை வைத்துக்கொண்டு போட்டி போட முடியுமா? அதுவும் டிசம்பர் மாதத்தில்?

ஓட்டுப் போடும்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. கீழ்வீட்டுக் கன்னியப்பன் அண்ணன், துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர், ஞாயிறு தவறாமல் கதை கேட்பதால் ஓட்டுரிமை பெற்றவர், எழுந்து பேசினார். "வலையில மாட்ன மீனெல்லாம் திரும்பிக் கடலுக்குள்ள போவுது தம்பி! மீன்பிடித் தடைக்காலத்தை இத்தினி அழகா எவனும் எடுத்ததில்ல!" என்றார். மீன் எப்படி வலையிலிருந்து கடலுக்குப் போகும் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். பார்த்ததும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். என்னால் முடியாது, உங்களுக்கே தெரியும்.

"பெரியப்பா, இத்தினி வாரமா தலைகீழா படிச்சிருக்கீங்க" என்றேன்.

"அம்பது வருஷமா புஸ்தகத்தை இந்தப் பக்கந்தான்டா தொறக்கறேன்."

"இது ஜப்பான் புஸ்தகம். ஒவ்வொரு கட்டத்துலயும் பதில் முன்னாடி வருது, கேள்வி பின்னாடி வருது, அதுகூடவா தெரியல?"

"உங்கப்பாகூட அப்டித்தான்" என்றார் அம்மா. "நான் என்னா கேக்கப்போறேன்னே தெரியாது, அதுக்குள்ள இல்லன்னுடுவாரு."

"இல்ல" என்றார் அப்பா.

நான் விடவில்லை. சரியான வரிசையில் ஆரம்பம் முதல் முடிவு வரை படம் படமாகக் காட்டினேன். பையன் பிறந்தான், வளர்ந்தான், மூழ்கினான், புதைத்தார்கள். புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்தால் அம்மா கண்ணில் தண்ணீர்.

"அப்போ அவன் செத்துடறானா?"

"ஆமா."

"பூசை கேட்டுட்டு வந்த வாயால ஒரு புள்ளையக் கொன்னுட்டு நிக்கிறியேடா" என்றார். பிரியாணிப் பாத்திரம் என் பக்கம் வரவேயில்லை.

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்த மெரினைத் துணைக்குக் கூப்பிட்டேன். "எனக்கு மொத வாரமே தெரியும்ணா. சொல்லியிருந்தா பெரியப்பா நிறுத்தியிருப்பாரு. அப்புறம் அந்தப் பையன் எழுந்தே வந்திருக்க மாட்டான்" என்றாள். கன்னியப்பன் அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ காட்னது வேற கதை தம்பி. நாங்க ஓட்டுப் போட்டது இந்தக் கதைக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். மறு ஓட்டு எடுத்தார்கள். அதே ஐந்து, அதே ஒன்று.

ஆகவே அத்தை, தவறான திசையில் படித்த புத்தகத்துக்கு விழுந்த ஓட்டு செல்லாது என்று அறிவித்து, விண்கப்பல் நாலாம் பாகத்தை ஒரேலியிடம் கொடுத்தனுப்ப வேண்டும். உங்கள் தீர்ப்பு வரும்வரை நான் யாரோடும் பேசப்போவதில்லை. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை ரிப்பேருக்காகப் பிரித்து வைத்திருக்கிறேன், அதையும் மாட்டப்போவதில்லை. தலைகீழாகப் படிக்கிறவருக்குத் தண்ணீர் மட்டும் எதற்குக் கீழிருந்து மேலே போக வேண்டும்?

உங்கள் மூட்டுவலி குறையவும், ஒரேலிக்கு நல்ல வேலை அமையவும், புது வருஷம் உங்கள் வீட்டுக்கு எல்லா ஆசீரையும் கொண்டுவரவும் மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

மரியாதையுடனும் பசியுடனும்,
மரிய அருண்

பி.கு.: மணி ஏழு. உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஹாலில் பெரியப்பாவின் குரல் கேட்டது. மெரின் என் விண்கப்பல் மூன்றாம் பாகத்தை எடுத்துக் கொடுத்து, "கடைசிப் பக்கத்துலேருந்து படிங்க பெரியப்பா" என்று சொல்லியிருக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அவர் குரல் உங்களுக்குத் தெரியுமே. கப்பல் இருட்டில் நிற்கிறது. எல்லோரும் பிரார்த்தனை பண்ணுகிறார்கள். அப்புறம் அந்தப் பெண் எழுந்து போய் ஸ்பேனரை எடுத்து, அத்தை, நட்டை முடுக்குகிறாள். அதே நட்டு. "அது எத்தினியாம் நம்பர் ஸ்பேனர்?" என்று கன்னியப்பன் அண்ணன் கேட்டார். நான் கதவைத் திறந்துகொண்டு போய், "பத்தொம்பது" என்றேன். எஞ்சின் பிடித்துவிட்டது. விளக்கெல்லாம் எரிகிறது. கப்பல் நேராக வீட்டுக்கு வருகிறது, துறைமுகத்தில் மொத்த ஊரும் நின்று கையாட்டுகிறது. அம்மா எனக்கு மட்டும் பிரியாணியைச் சுடவைத்துக்கொண்டு வந்தார். மூன்றாம் தடவை ஓட்டு எடுத்தோம். ஜப்பான் புத்தகத்துக்கு ஆறு.

மேலே எழுதிய எல்லாம் ரத்து. நாலாம் பாகத்தை அனுப்ப வேண்டாம். வீடு வந்து சேர்ந்தவர்களை அவன் மறுபடி எங்கே ஏற்றி அனுப்புவானோ, எனக்குத் தெரிய வேண்டாம். இனி நான் செய்யப்போவது:

1. விடிந்ததும் மோட்டாரை மாட்டுவது.

2. பையனைக் கொன்றதற்கு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பது.

3. ஒரேலி கொண்டுவரும் ஜப்பான் புத்தகங்களில் அந்த 'நில்லுங்கள்' பக்கத்தை, பெரியப்பா பார்க்கும் முன் ஒட்டி மறைப்பது. மறைக்க வேண்டாம் என்கிறாள் மெரின், அந்த அதட்டல் இல்லாமல் கதை ஆரம்பிக்காதாம். யோசிக்க வேண்டும்.

4. பேனாவை மூடிவிட்டு உடனே ஹாலுக்குப் போவது. அந்த நட்டை முடுக்குகிற பக்கத்தைப் பெரியப்பா மறுபடி படிக்கப்போகிறார். ஸ்பேனர் நம்பரை நான்தான் சொல்ல வேண்டும்.